உள்ளது உள்ளபடி வீட்டு விற்பனையில் கறையான் சேதப் பொறுப்பு

உள்ளது உள்ளபடி வீட்டு விற்பனையில் கறையான் சேதப் பொறுப்பு என்பது ஐக்கிய அமெரிக்கச் சொத்துச் சட்டத்தில் அடிக்கடி எழும் சிக்கல்களுள் ஒன்றாகும். ஒரு வீடு "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையுடன் விற்கப்பட்ட பின்னர் அதன் மரக்கட்டமைப்பில் கறையான் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு விற்றவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்பதே இங்கு எழும் வினா. ஆங்கிலத்தில் "ஆஸ் இஸ்" என வழங்கும் இந்நிபந்தனை, விற்பவரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவித்துவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி அளவே சரியானது. பெரும்பாலான மாநிலங்களில் இந்நிபந்தனை, விற்பவர் தாமே அறியாதிருந்த குறைகளின் பொறுப்பிலிருந்து அவரைக் காக்கிறது. அவர் அறிந்திருந்தும் சொல்லாது விட்ட, வாங்குபவரால் எளிதில் கண்டறிய இயலாத குறைகளின் பொறுப்பிலிருந்து காப்பதில்லை.

அமெரிக்காவில் சொத்துச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே ஒரே வீடு, ஒரே கறையான், ஒரே ஒப்பந்த வாசகம் ஆகியவற்றுக்குக் கலிபோர்னியாவில் ஒரு விடையும் மாசச்சூசெட்சில் மற்றொரு விடையும் கிடைக்கலாம்.

பின்னணி

அமெரிக்க வீடுகளில் பெரும்பகுதி மரச்சட்டங்களால் கட்டப்படுபவை. செங்கல்லும் காரையும் கொண்டு எழுப்பிய வீடுகளில் வளர்ந்தோருக்குக் கறையான் என்றவுடன் கதவு நிலையும் பரணில் கிடக்கும் பழைய புத்தகக் கட்டும் நினைவுக்கு வரக்கூடும். அமெரிக்க வீட்டிலோ சுவருக்குள் நிற்கும் சட்டங்கள், தளத்தைத் தாங்கும் உத்தரங்கள், கூரையின் கைமரங்கள் என எலும்புக்கூடு முழுவதுமே மரம். வெளியில் தெரிவது சாந்துப் பலகையும் வண்ணப்பூச்சும் மட்டுமே. செங்கல் வீடு போலத் தோற்றமளிக்கும் பல வீடுகளிலும் செங்கல் வெறும் மேலுறை. சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரமே.

நிலத்தடிக் கறையான்கள் மண்ணிலிருந்து ஈரப்பதத்துடன் மண்குழாய் அமைத்து மேலேறி, மரத்தின் உட்பகுதியைத் தின்கின்றன; மேற்பரப்பை மெல்லிய தோல்போல விட்டுவைக்கின்றன. கலிபோர்னியா போன்ற இடங்களில் உலர்மரக் கறையான்களும் உண்டு. இவற்றுக்கு மண்ணுடன் தொடர்பே தேவையில்லை. வளைகுடாக் கடற்கரை மாநிலங்களில், குறிப்பாக நியூ ஓர்லியன்சு நகரில், பார்மோசா கறையான் பெருஞ்சேதம் விளைவிக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த இவ்வினம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரும்பிய படைத்துறைக் கப்பல்களின் மரப்பெட்டிகளுடன் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

இந்த உயிரியல் செய்திகளே சட்டச் சிக்கலுக்கு மூலமாகும். உடைந்த சன்னலை வாங்குபவர் பார்க்க முடியும். ஒழுகும் கூரைகூடப் பெரும்பாலும் கறையை விட்டுச் செல்லும். கறையான் அரித்த உத்தரமோ திருப்புளியால் குத்திப் பார்க்கும் வரை முழு மரமாகவே தோன்றும். மேலும், வழக்கமான வீட்டுக் காப்புறுதித் திட்டங்கள் கறையான் சேதத்தை ஈடுசெய்வதில்லை. அது திடீர் விபத்து அன்று, பராமரிப்புக் குறைவு என்பது காப்புறுதி நிறுவனங்களின் நிலைப்பாடு. எனவே இருபது, முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கிய ஒரு குடும்பத்துக்கு, சுவரைத் திறந்து பார்த்த நாளில் எஞ்சியிருக்கும் ஒரே வழி பெரும்பாலும் விற்றவரிடம் கேட்பதுதான்.

"வாங்குபவரே விழித்திரும்"

ஆங்கிலேய பொதுச் சட்ட மரபில் விற்பவருக்குக் குறையை எடுத்துச் சொல்லும் கடமை இல்லை. "கேவியட் எம்ப்டர்" என்ற இலத்தீன் தொடர், வாங்குபவர்தாம் விழிப்புடன் இருக்க வேண்டும் என்ற இக்கொள்கையைக் குறிக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1817 இல் தீர்த்த லெய்ட்லா எதிர் ஆர்கன் வழக்கு இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. 1815 இல் நியூ ஓர்லியன்சில், பிரித்தானியாவுடனான போர் முடிந்த செய்தியை முன்னரே அறிந்த ஒரு வணிகர் அதைச் சொல்லாமல் புகையிலையை வாங்கினார். செய்தி பரவியதும் விலை ஏறியது. இருதரப்பினரும் சம அளவில் அறிந்துகொள்ளக்கூடிய வெளிச்செய்தியை எடுத்துரைக்க அவருக்குக் கடமை இல்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. அவ்வழக்கில் வாய் திறவாதிருந்தவர் விற்பவர் அல்லர், வாங்கியவர் என்பது கவனிக்கத்தக்கது. விற்பவரின் மௌனத்துக்கு அரணாக அவ்வழக்கைக் காட்டுவோர் இதைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

கறையானைப் பொறுத்தவரை இக்கொள்கையின் உச்சம் மாசச்சூசெட்சு உச்ச நீதிமன்றம் 1942 இல் தீர்த்த சுவின்டன் எதிர் விட்டின்சுவில் சேமிப்பு வங்கி வழக்காகும். 1938 செப்டம்பரில் நியூட்டன் நகரில் ஒரு வீட்டை வங்கி விற்றது. வாங்கியவர் குடும்பத்துடன் குடியேறினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 1940 ஆகத்து மாத இறுதியில், வீடு கறையான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவந்தது. விற்பனையின்போதே கறையான் இருந்தது, வங்கி அதை அறிந்திருந்தது, தம்மால் எளிதில் கண்டுபிடித்திருக்க முடியாது என்பன அவருடைய குற்றச்சாட்டுகள். இவை அனைத்தும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வங்கி பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொல்லவில்லை, சோதனையிடுவதைத் தடுக்கவில்லை, இருவருக்குமிடையே நம்பிக்கைக்குரிய சிறப்புறவு ஏதும் இல்லை. வெறும் மௌனத்துக்குப் பொறுப்பு விதித்தால், வெளித்தெரியாத எந்தக் குறையையும் சொல்லாத ஒவ்வொரு விற்பவரும் பொறுப்பாக நேரிடும் என்று நீதிமன்றம் அஞ்சியது. இவ்வழக்கு சட்டக் கல்லூரிப் பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது, பெரும்பாலும் கண்டனத்துடன்.

கொள்கை மாறிய வழக்குகள்

வாசிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1960 இல் ஓப்டி எதிர் சிலேமையர் வழக்கில் எதிர்த்திசையில் சென்றது. இசுபோக்கேன் நகரிலுள்ள ஒரு அடுக்குக் குடியிருப்பை விற்றவர்கள், அதில் கறையான் இருப்பதை அறிந்து ஓரளவு மருந்தும் அடித்திருந்தனர்; ஆனால் முழுமையாக ஒழிக்கவில்லை. வாங்கியவர் கறையான் பற்றிக் கேட்கவில்லை, எனவே சொல்லவில்லை என்பது அவர்களின் வாதம். கறையான் கட்டடத்துக்குப் பேரிடர் விளைவிப்பது, சாதாரணமாகப் பார்ப்பதால் புலப்படாதது. ஆகையால் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லும் கடமை உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரைகுறை மருந்தடிப்பு கடமையைப் போக்கவில்லை. அறிந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

நியூ செர்சி உச்ச நீதிமன்றம் 1974 இல் தீர்த்த வெயின்டிராப் எதிர் குரோபாட்சு வழக்கில் பூச்சி வேறு, கரப்பான், கொள்கை ஒன்றே. 42,000 டாலர் விலை பேசி 4,250 டாலர் முன்பணமும் கொடுத்த வாங்குபவர், பத்திரப்பதிவுக்கு முன் ஒரு மாலை ஆளில்லா வீட்டுக்குள் சென்று விளக்கைப் போட்டதும் சுவரெங்கும் கரப்பான்கள் சிதறி ஓடின. முன்னர் வந்து பார்த்த வேளைகளில் வீடு விளக்கொளியில் இருந்ததால் அவை கண்ணில் படவில்லை என்று அவர் கூறினார். வீட்டை நேரில் பார்த்துவிட்டேன், வேறு எவர் சொல்லையும் நம்பி வாங்கவில்லை என்று ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டிருந்தார். அது தடையாகாது, விற்பவர் வேண்டுமென்றே மறைத்தாரா என்பது விசாரிக்கப்பட வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், சுவின்டன் தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தது. புளோரிடா உச்ச நீதிமன்றம் 1985 இல் சான்சன் எதிர் டேவிசு வழக்கில், ஒழுகும் கூரை தொடர்பாக, இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது.

இவ்வகை வழக்குகளில் மிகத் தெளிவான சித்திரத்தைத் தருவது அரிசோனா மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986 இல் தீர்த்த இல் எதிர் சோன்சு வழக்காகும். 1982 இல் 72,000 டாலருக்கு வீடு வாங்க ஒப்புக்கொண்ட தம்பதியினர், வீட்டைச் சுற்றிப் பார்க்கையில் மரத்தரையில் ஓரிடம் அலைபோல் எழும்பியிருப்பதைக் கண்டனர். கறையானாக இருக்குமோ என்று ஐயுற்றபோது, நீர்ச்சூடேற்றி உடைந்து தண்ணீர் பட்டதால் ஆனது என்று விற்பவர் கூறினார். ஒப்பந்தப்படி கறையான் சோதனையும் நடந்தது. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி ஏதும் இல்லை என்று அறிக்கை வந்தது. குடியேறிய பின்னரே படிக்கட்டின் மரம் பொடிந்து உதிர்வதைக் கண்டனர். முன்னரே அங்குக் கறையான் இருந்ததை அக்கம்பக்கத்தார் வாயிலாக அறிந்தனர். செப்பனிட 5,000 டாலருக்கு மேலாகும் என்று மதிப்பிடப்பட்டது.

வழக்கு தொடங்கிய பின் வெளிவந்தவை இன்னும் சுவையானவை. விற்பவர்கள் அவ்வீட்டை வாங்கியபோதே முந்தைய உரிமையாளருக்கு வழங்கப்பட்ட இரு கறையான் உத்தரவாதப் பத்திரங்களைப் பெற்றிருந்தனர். தாம் வசித்த காலத்திலும் கறையான் தடயத்தைக் கண்டு மருந்தடிக்கச் செய்திருந்தனர். இவ்வரலாற்றைச் சோதனையாளரிடம்கூட அவர்கள் சொல்லவில்லை. சேதமடைந்த இடத்தைப் பெட்டிகளும் செடியும் மறைத்திருந்ததால் சோதனையாளர் அதைக் காணவில்லை. எழுத்தில் இல்லாத எந்த வாக்கும் தரப்பினரைக் கட்டுப்படுத்தாது என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டி கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. மோசடியால் பெறப்பட்ட ஒப்பந்தத்தின் வாசகத்தை அம்மோசடிக்கே கேடயமாக்க இயலாது. அறிந்த கறையான் சேதத்தைச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு என்றது. ஆயினும் அலைத்தரையைக் கண்டு ஐயுற்ற வாங்குபவர் மேலும் ஆராய்ந்திருக்க வேண்டாமா என்ற வினாவை நடுவர் குழுவின் முடிவுக்கு விட்டது. இவ்வினா பின்னர் வந்த பல வழக்குகளிலும் எழுந்தது.

நிபந்தனை காப்பதும் காவாததும்

"உள்ளது உள்ளபடி" என்பதன் பொருளைக் கலிபோர்னியா மேன்முறையீட்டு நீதிமன்றம் 1963 இல் லிங்சு எதிர் சாவேச்சு வழக்கில் வரையறுத்தது. வாங்குபவர் சொத்தைக் கண்ணுக்குத் தெரியும் நிலையில் ஏற்றுக்கொள்கிறார் என்பதே அதன் பொருள். விற்பவருக்கு மட்டும் தெரிந்த, வாங்குபவரின் பார்வைக்கு எட்டாத முக்கியமான உண்மையை மறைப்பதற்கு அது அனுமதிச் சீட்டன்று. ஒருவர் தமது சொந்த மோசடியின் பொறுப்பிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று அம்மாநிலக் குடிமைச் சட்டத்தொகுப்பின் 1668 ஆம் பிரிவும் கூறுகிறது.

இந்நிபந்தனை பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. விற்பவர் செப்பனிட்டுத் தரத் தேவையில்லை, தளம் உறுதியானது என்ற உள்ளார்ந்த உத்தரவாதம் இல்லை, தாம் அறியாத குறைக்கு விலைக்குறைப்புக் கேட்க முடியாது ஆகிய மூன்றும் மெய்யான பாதுகாப்புகளே. தெக்சாசு உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்த்த புருடென்சியல் எதிர் செபர்சன் அசோசியேட்சு வழக்கு இதற்குச் சான்று. ஆசுடின் நகரில் 1984 இல் ஏறத்தாழ 71.5 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்ட அலுவலகக் கட்டடத்தில் பின்னர் கல்நார் கண்டறியப்பட்டது. விற்ற நிறுவனம் அதை அறிந்திருந்ததற்குச் சான்று இல்லை. வாங்கியவரோ தேர்ந்த முதலீட்டாளர், தாமே சோதித்து வாங்குவதாக ஒப்புக்கொண்டவர். ஆகவே தம் இழப்புக்கு விற்றவர் காரணம் என்று அவர் கூற முடியாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அதே தீர்ப்பு இரு விலக்குகளையும் வகுத்தது. பொய்யுரையாலோ மறைப்பாலோ இந்நிபந்தனைக்கு இணங்கச் செய்திருந்தாலும், வாங்குபவரின் சோதனைக்கு விற்பவர் இடையூறு செய்திருந்தாலும் அது காவாது.

கறையான் வழக்குகளில் இரண்டாவது விலக்கு மிகுந்த நடைமுறை முக்கியத்துவம் உடையது. அரித்த தரைமேல் புதுக்கம்பளம் விரித்தல், மண்குழாய்களைச் சுரண்டிவிட்டு வண்ணம் பூசுதல், கரையானேறிய சுவரைப் பலகையிட்டு மூடுதல், தளத்துக்கடியில் உள்ள தவழ்வெளியின் வாயிலைச் சாமான்களால் அடைத்தல் ஆகியவை மௌனம் என்ற எல்லையைக் கடந்து செயல்வழி மறைப்பு ஆகின்றன. சுவின்டன் தீர்ப்பு நிலவும் மாநிலத்திலும் இதற்குப் பாதுகாப்பு இல்லை. பாதி உண்மையும் அவ்வாறே. வாய் திறவாதிருக்க உரிமை உள்ள இடத்திலும், திறந்தவர் முழுமையாகச் சொல்ல வேண்டும். "பழைய சிறு பிரச்சினை, மருந்தடித்தாயிற்று" என்று சொல்லிவிட்டு, மருந்தடித்த நிறுவனம் மறுமுறை வந்து தோல்வி அறிக்கை தந்ததைச் சொல்லாமல் விடுவது பொய்க்கு நிகராகக் கருதப்படும்.

அறிவை மெய்ப்பித்தல்

பெரும்பாலான வழக்குகள் தோற்பது சட்டத்தால் அன்று, சான்று இன்மையால். கறையான் இருந்தது என்பதை மெய்ப்பித்தல் எளிது. விற்றவர் அதை அறிந்திருந்தார் என்பதை மெய்ப்பித்தல் அரிது. பல ஆண்டுகள் அங்கு வசித்தவர் அறியாதிருக்க முடியுமா என்ற வினா மட்டும் போதாது. சுவருக்குள் நடப்பதை அங்கேயே குடியிருப்பவரும் அறியாதிருக்க முடியும் என்பதுதானே கறையானின் இயல்பு.

ஆகவே வழக்கறிஞர்கள் தேடுவது விற்றவரின் கைபட்ட தடயங்களை. தரைக் காரையில் சுவரோரமாகச் சீரான இடைவெளியில் துளையிட்டு அடைத்த வட்டங்கள், நிலத்துக்குள் மருந்து செலுத்தப்பட்டதைக் காட்டும். கலிபோர்னியாவில் பூச்சித்தடுப்பு நிறுவனத்தினர் சோதனையிட்ட வீட்டின் கூரைப்பரண், தவழ்வெளி, வாகனக் கொட்டகை ஆகியவற்றுள் ஒன்றில் தேதியிட்ட சிறு அட்டையை ஒட்டிச் செல்ல வேண்டும். வீடு கைமாறியபோது அதைக் கிழிக்க மறந்த விற்பவர்கள் உண்டு. கடந்த இரு ஆண்டுகளில் நடந்த சோதனைகளின் விவரத்தை அம்மாநிலக் கட்டடப் பூச்சித்தடுப்பு வாரியத்திடம் எவரும் கேட்டுப் பெறலாம். ஆண்டுச் சந்தா முறையில் புதுப்பிக்கப்பட்ட உத்தரவாதப் பற்றுச்சீட்டு, தச்சர் கொடுத்த விலைப்புள்ளி, முன்பு விலை பேசி விலகிய மற்றொருவர் எடுத்த சோதனை அறிக்கை ஆகியவை வலுவான சான்றுகள். இவற்றுள் கடைசியாகச் சொன்னது விற்பவர்கள் மிகுதியாகச் சிக்கும் இடமாகும். முதல் வாங்குபவரின் அறிக்கையைப் படித்துவிட்டு, இரண்டாமவருக்கு "உள்ளது உள்ளபடி" என்று விற்பவர் அறியாதவர் என்ற நிலையை இழந்துவிடுகிறார்.

மாறாக, வாங்குபவருக்குக் கிடைத்த அறிக்கையிலேயே சேதம் குறிக்கப்பட்டிருந்தால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தெரிந்து வாங்கிய குறைக்கு ஏமாந்ததாகக் கூற முடியாது.

சோதனையும் அறிக்கையும்

நாடு முழுவதும் பயன்படும் மரம் அரிக்கும் பூச்சி அறிக்கைப் படிவம் என்பிஎம்ஏ-33 எனப்படுகிறது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உத்தரவாதக் கடன் பெறும்போது பல மாநிலங்களில் இவ்வறிக்கை கட்டாயமாகும். கண்ணுக்குத் தெரிந்த, எளிதில் அணுகக்கூடிய பகுதிகளை மட்டுமே இது குறிக்கும். கட்டமைப்பின் உறுதிக்கு உத்தரவாதம் அன்று. இதை அப்படிவமே கூறுகிறது. ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் படிப்பது "தடயம் இல்லை" என்ற கட்டத்தில் இடப்பட்ட குறியை மட்டுமே. கலிபோர்னியாவின் அறிக்கை மேலும் நுணுக்கமானது. முதற் பகுதி, இப்போது உள்ள அரிப்பையும் உளுப்பையும் தெரிவிக்கும். இரண்டாம் பகுதி, மண்ணைத் தொடும் மரம், தேங்கும் நீர் போன்று வருங்காலத்தில் கறையானை அழைக்கக்கூடிய நிலைமைகளைத் தெரிவிக்கும். பேரத்தில் முதற் பகுதிக்கே பணம் கோரப்படுவது வழக்கம்.

2020 ஐ அடுத்த ஆண்டுகளில் வீட்டுக்குப் போட்டி மிகுந்தபோது, தம் விலையை ஏற்கச் செய்வதற்காகச் சோதனை உரிமையையே கைவிட்ட வாங்குபவர்கள் பலர். சுவின்டன் விதி நிலவும் மாசச்சூசெட்சில் இதன் விளைவு கடுமையானது. சொல்லும் கடமை விற்பவருக்கு இல்லை, பார்க்கும் வாய்ப்பை வாங்குபவர் விட்டுக்கொடுத்தார். சோதனையைக் கைவிட்டால்தான் விற்பேன் என்று நிபந்தனை விதிப்பதை அம்மாநிலம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளால் தடை செய்தது.

வெளிப்படுத்தல் படிவங்கள்

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொடர்ந்து பல மாநிலச் சட்டமன்றங்கள், விற்பவர் நிரப்பித் தர வேண்டிய படிவங்களை ஏற்படுத்தின. கலிபோர்னியாவின் படிவம் 1987 முதல் நடைமுறையில் உள்ளது. "உள்ளது உள்ளபடி" என்று விற்றாலும் இப்படிவத்தைத் தராமல் இருக்க முடியாது என்று 1993 இல் லாக்ரின் வழக்கில் தீர்க்கப்பட்டது. கடன் தவறியதால் ஏலத்துக்கு வரும் வீடுகளுக்கும், இறந்தவரின் சொத்தை நிருவாகி விற்கும் விற்பனைகளுக்கும் படிவத்திலிருந்து விலக்கு உண்டு. எனினும் தாம் மெய்யாகவே அறிந்ததை மறைக்க அவ்விலக்கு இடம் தருவதில்லை. 1984 இல் ஈசுடன் எதிர் சிட்ராசுபர்கர் வழக்கிலும் அதனையொட்டிய சட்டத்திலும், விற்பவரின் தரகரும் வீட்டைக் கண்ணால் பார்த்துச் சோதித்துக் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர் ஆனார்.

தெக்சாசு படிவம் கறையானைப் பற்றித் தனித்தனியே வினவுகிறது: இப்போது கறையான் உண்டா, செப்பனிட வேண்டிய சேதம் உண்டா, முன்பு சேதம் இருந்ததா, முன்பு மருந்தடிக்கப்பட்டதா. இவ்வாறு பிரித்துக் கேட்பது நல்ல வரைவு எனலாம். "இப்போது இல்லை" என்ற ஒரே விடையின் பின்னால் கடந்த காலத்தை ஒளிக்க முடியாது.

நியூ யார்க்கின் அனுபவம் வேறு. 2002 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் படிவத்தைக் கட்டாயமாக்கியது. ஆனால் தராத விற்பவர் வாங்குபவருக்கு 500 டாலர் கழித்துக் கொடுத்தால் போதும் என்றது. வழக்கறிஞர்களின் அறிவுரைப்படி விற்பவர்கள் 500 டாலரையே தேர்ந்தனர். கறையான் உட்பட்ட வினாக்கள் கொண்ட படிவம் இருபது ஆண்டுகளாகப் பெரும்பாலும் நிரப்பப்படாமலே இருந்தது. 2023 இல் செய்யப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வழியை மூடியது. அலபாமாவில் பழைய வீடுகளுக்கு "வாங்குபவரே விழித்திரும்" என்பதே இன்றும் விதி. ஆயினும் வாங்குபவர் நேரடியாகக் கேட்டால் உண்மை சொல்ல வேண்டும் என்பது அங்குள்ள விலக்குகளுள் ஒன்று. அத்தகைய மாநிலத்தில் "இவ்வீட்டில் எப்போதாவது கறையான் இருந்ததா" என்று எழுத்தில் கேட்கும் ஒரு வரி, முழு ஒப்பந்தத்தையும் விட மதிப்புள்ளதாகலாம்.

தீர்வுகள்

மோசடி மெய்ப்பிக்கப்பட்டால் வாங்கியவர் விற்பனையையே நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது வீட்டை வைத்துக்கொண்டு இழப்பீடு கோரலாம். குடியேறி, செப்பனிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்ட நிலையில் பெரும்பாலோர் இரண்டாவதையே நாடுகின்றனர். இழப்பீட்டைக் கணக்கிட இரு முறைகள் உள்ளன. ஒருவர் 4,00,000 டாலர் கொடுத்த வீடு, சொல்லப்பட்டபடி இருந்திருந்தால் 4,20,000 பெறும், உண்மையில் 3,60,000 மட்டுமே பெறும் எனக் கொள்வோம். கொடுத்ததற்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டைத் தரும் முறைப்படி 40,000 டாலரும், பேரத்தின் முழுப்பயனைத் தரும் முறைப்படி 60,000 டாலரும் கிடைக்கும். கலிபோர்னியாவில் சொத்து விற்பனை மோசடிக்குப் பொதுவாக முதல் முறையே பின்பற்றப்படுகிறது. அங்கு, மோசடியைக் கண்டறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் வென்றவரும் தம் வழக்கறிஞர் கட்டணத்தைத் தாமே ஏற்பது பொதுவிதி. 15,000 டாலர் சேதத்துக்காக அதைவிட மிகுந்த தொகை செலவிட நேரிடும் என்பதால், பல முறையீடுகள் நீதிமன்றத்தை எட்டாமலே இணக்கத்தில் முடிகின்றன அல்லது கைவிடப்படுகின்றன. கலிபோர்னியாவில் பரவலாகப் பயன்படும் விற்பனை ஒப்பந்தப் படிவம், முதலில் இணக்கப் பேச்சுக்கு வர மறுப்பவர் பின்னர் வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் பெற முடியாது என்கிறது. சினத்தில் நேரே வழக்குத் தொடுப்பவர்கள் இதைப் பிந்தியே அறிகின்றனர்.

லூசியானா

பார்மோசா கறையானின் தலைநகரான லூசியானா, பொதுச் சட்ட மரபைச் சாராத ஒரே அமெரிக்க மாநிலமாகும். பிரெஞ்சு, எசுப்பானிய வழிவந்த அதன் குடிமைச் சட்டம், மறைகுறை உள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை வாங்குபவருக்கு இயல்பாகவே வழங்குகிறது. உரோமானியச் சந்தைகளில் அடிமைகளையும் கால்நடைகளையும் விற்றோருக்கு விதிக்கப்பட்ட பொறுப்பே இதன் வேர். இங்கு விற்பவர் அறியாதிருந்தாலும் பொறுப்பு உண்டு. எனவே அதைக் கைவிடச் செய்யும் "உள்ளது உள்ளபடி" வாசகம் வேறெங்கும் விட இங்கே இன்றியமையாதது. அவ்வாசகம் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றி இருத்தல் வேண்டும். வாங்குபவரின் கவனத்துக்கும் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். "ஆஸ் இஸ்" என்ற இரு சொற்கள் மட்டும் போதா. விற்பவர் கறையானை அறிந்து மறைத்திருந்தால், எவ்வளவு தெளிவான வாசகமும் செல்லாது.

இந்தியச் சட்டத்துடன் ஒப்பீடு

இதே ஆங்கிலேய மரபிலிருந்து கிளைத்த இந்தியச் சொத்து மாற்றச் சட்டம், சுவின்டன் தீர்ப்புக்கு அறுபது ஆண்டுகள் முன்னரே, 1882 இல், விற்பவரின் கடமையை எழுத்தில் வகுத்துவிட்டது. அதன் 55 ஆம் பிரிவு, விற்பவர் அறிந்திருந்து வாங்குபவர் அறியாத, சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டுபிடிக்க இயலாத முக்கியமான குறையைச் சொத்திலோ அதன் உரிமையிலோ இருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அவ்வாறு செய்யாமை மோசடியாகும் என்றும் கூறுகிறது. இக்கடமை, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில் பொருந்துவது.